லாரியில் வந்த கல், மண்ணில் விளைந்த கல்

காட்டுப்பாக்கத்தில் ஒரு மனையைத் தோண்டினால் முதல் ஓரிரு அடிக்கு வருவது பெரும்பாலும் காட்டுப்பாக்கத்து மண்ணாக இருக்காது. எங்கோ இடித்த வீட்டின் ரப்பிஷ், ஏதோ ஓர் ஏரியில் அள்ளிய சவுடு, அதன் மேல் கொட்டிய கிராவல், கான்கிரீட் போட்டதில் மிஞ்சிய முக்கால் ஜல்லி, டைல்ஸ் சில்லு, சமையல் மேடைக்கு வெட்டிய கிரானைட்டின் ஓரத்துண்டு என்று ஒரு கலவைதான் வரும். மவுண்ட்-பூந்தமல்லி சாலையின் இருபுறமும் வயலும் தோப்புமாக இருந்த நிலம் மனைகளானபோது தெரு உயர்ந்தது. தெரு உயர்ந்ததால் வீட்டின் மட்டத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மண் கொட்டுவதில் யாரும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அப்படி நிரப்பிய கொல்லையில் வாழைக்குக் குழி எடுக்கும்போது பளிச்சென்று ஒரு கல் கையில் வருகிறது. கண்ணாடி போல ஒன்று, பொன் தூவியது போல ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று.

இது என்ன கல்? கனிமவியல் நூல்கள் இந்தக் கேள்விக்குக் கடினத்தன்மை, நிறம், எடை, பிளவு என்று ஒரு வரிசை வைத்திருக்கின்றன. வரிசையில் குறையில்லை. ஆனால் மேற்குச் சென்னையின் புறநகரில் அந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இந்தக் கல் இங்கே எப்படி வந்தது? லாரியில் வந்ததா, ஆறு கொண்டுவந்ததா, இதே மண்ணில் விளைந்ததா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் சாத்தியங்களின் பட்டியல் சில நூறிலிருந்து பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். மீதியைச் சோதனை பார்த்துக்கொள்ளும்.

இடம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பதற்கு வைரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆந்திராவின் கர்னூல், அனந்தபூர் பகுதியில் துக்கலி, ஜொன்னகிரி, வஜ்ரகரூர் ஊர்களைச் சுற்றி முதல் மழை விழுந்ததும் மக்கள் வயலில் இறங்கி வைரம் தேடுகிறார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வைரத்தை மேலே சுமந்துவந்த கிம்பர்லைட் பாறை வஜ்ரகரூரில் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே ஓர் அடிப்படை உண்டு. நம் பக்கத்தில் காங்கயம், கரூர் வட்டாரத்துக்கும் அப்படி ஓர் அடிப்படை உண்டு. நிலவுக்கல், அக்வாமரைன், குருந்தம் எல்லாம் அந்தப் பாறைகளிலிருந்து உதிர்ந்து வயலுக்கு வருகின்றன. காட்டுப்பாக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கே கூவம், தெற்கே அடையாறு, இரண்டுக்கும் நடுவே படிந்த மணலும் களிமண்ணும்தான் இங்கே நிலம். இந்த மேற்குப் பகுதியில் பல இடங்களில் அதன் கீழே ஸ்ரீபெரும்புதூர், ஆவடிப் பக்கம் தலைகாட்டும் பழைய களிப்பாறை இருக்கிறது. டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் தாவர அச்சுகள் பதிந்த பாறை அது. எல்லாவற்றுக்கும் அடியில் சார்னோகைட் என்ற பாறை. ஆகவே கொல்லையில் சிவப்பாக ஒரு மாணிக்கம் கிடைத்தால் முதலில் வீட்டுப் பெண்களின் தோடுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

லாரியில் வந்த கல்லிலிருந்து தொடங்குவோம். கொல்லையில் கிடைப்பதில் பெரும்பங்கு அதுதான், சுவையான கதையும் அதற்குத்தான். சென்னையில் கருங்கல் ஜல்லி என்று சொல்வது பல நேரம் சார்னோகைட் அல்லது அதன் உறவுக்காரப் பாறை. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் அதே பாறைதான். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இந்தப் பாறைக்குப் பெயர் வந்தது ஒரு கல்லறையில். கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வங்கத்தின் வண்டல் நிலத்தில் இப்படிப்பட்ட கல் கிடையாது. அது சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து, பல்லாவரம் பாறையும் அதுவும் ஒன்று என்று கண்டு, 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். 1900-இல் அந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி விரிவான நூல் எழுதினார். ஒரு கல் தான் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போய்ப் பிறகு அடையாளம் காணப்பட்ட கதை இது. காட்டுப்பாக்கத்துக் கொல்லையில் நாம் செய்ய வேண்டியதும் சிறிய அளவில் அதே வேலைதான். உலகப் பாறையியல் நூல்களில் எல்லாம் இடம்பெற்ற பல்லாவரத்துக் கல்லை நாம் மூட்டைக் கணக்கில் வாங்கிக் கூரை போடுகிறோம் என்பது வேறு விஷயம்.

ஒரு முக்கால் ஜல்லியைக் கழுவி, சாக்குத்துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்போடு சுத்தியலால் ஒரு போடு போடுங்கள். வெளித்தோல் துரு நிறத்தில் பழுப்பாக இருக்கும். அது மழையும் காற்றும் செய்த வேலை. உடைந்த புது முகம் எண்ணெய் தடவியது போல, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வெயிலில் நின்று, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லூப்பில் பார்த்துக்கொண்டே கல்லை மெல்லத் திருப்பினால், சில பரப்புகள் சட்டென்று கண்ணாடிச் சில்லு போல ஒளி அடித்துவிட்டு அணையும். தட்டையாகப் பிளந்த அந்தப் பரப்புகள் பெல்ஸ்பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படி ஒளி அடிக்காமல், நீலம் கலந்த சாம்பலாக, வழுவழுப்பான குழிவுகளோடு முறிந்திருப்பது குவார்ட்ஸ். பழுப்பும் கருப்புமான மணிகளாகச் சிதறிக் கிடப்பது ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன். சார்னோகைட்டைச் சார்னோகைட் ஆக்குவது அதுதான். சில ஜல்லிகளில் மிளகை விடச் சிறிய செந்நிறப் புள்ளிகள் தெரியும். அவை கார்னெட். எங்கேயோ ஓர் ஓரத்தில் பித்தளை நிறத்தில் ஒரு துகள் மின்னினால் அது பைரைட் அல்லது அதன் வகையறா.

இந்தப் பித்தளைத் துகள்தான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஊசியால் குத்தினால் தங்கம் நசுங்கும். பைரைட் உடைந்து தெறிக்கும். அதைவிட அதிகம் ஏமாற்றுவது காக்காப்பொன். கருப்பு மைக்கா மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து பொன்னிறமாக வெளிறும். ஊசி முனையால் நெம்பினால் வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரியும். உரிந்து வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கிரானைட் ஓரத்துண்டுகளைக் குப்பை என்று தள்ளிவிடக் கூடாது. கனிமம் கற்க நினைக்கிறவருக்கு அதைவிட மலிவான பாடப்புத்தகம் இல்லை. ஒரு பக்கம் பாலீஷ் போட்டே வருகிறது. சமையல் மேடைகளில் கருப்பில் பொன்புள்ளி தெளித்தது போல இருக்கும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வருகிறது. அந்தப் பொன்புள்ளி பைராக்சீன் படிகம். ஜல்லியில் பார்த்த ஹைப்பர்ஸ்தீனின் நெருங்கிய சொந்தம். வெளிர் நிறத்தில் சிவப்புப் பொட்டுகள் வைத்த காஷ்மீர் ஒயிட்டுக்கும் காஷ்மீருக்கும் தொடர்பில்லை. அது மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கல், பொட்டுகள் கார்னெட். பழைய மொசைக் தரையை உடைத்த சில்லுகளில் வெள்ளையாகச் சர்க்கரைக்கட்டி போல மினுமினுப்பது மார்பிள், அதாவது கால்சைட் அல்லது டோலமைட் மணிகளின் கூட்டம்.

ஆறு கொண்டுவந்ததைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. ஆற்று மணல் என்பது தண்ணீர் சலித்துத் தேர்ந்தெடுத்த கனிமங்கள். வழியிலேயே மட்கிப்போகக் கூடியது மட்கிவிடும், மிஞ்சுவது குவார்ட்ஸ், கொஞ்சம் பெல்ஸ்பார், கொஞ்சம் காக்காப்பொன். கிணற்று மண்ணிலோ பழைய கட்டடத்தின் பூச்சிலோ உள்ள மணியை லூப்பில் பார்த்தால் முனை மழுங்கி, பரப்பு தேய்ந்திருக்கும். பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் மணி அப்போதுதான் உடைத்தது போலக் கூரான விளிம்போடு, கல்பொடி ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு மணி எந்தக் காலத்துக் கட்டடத்திலிருந்து உதிர்ந்தது என்பதைக்கூட இதை வைத்து ஊகிக்கலாம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலில் இழுத்தால் கருப்புத் துகள் மீசை முளைக்கும். பெரும்பகுதி மேக்னடைட், ஆனால் கட்டட வேலை நடந்த இடத்தில் வெல்டிங் பொறியும் கிரைண்டர் தூசியும் அதே மீசையாக ஒட்டும். லூப்பில் அவை உருண்டையாகவோ சுருளாகவோ தெரியும், மேக்னடைட் முனையோடு தெரியும். மெரினாவில் அலை பின்வாங்கும்போது மணலில் கருப்பும் கருஞ்சிவப்புமாகப் பட்டை விழுவதும் இதே தேர்வு முறையால்தான். கனமான மேக்னடைட்டும் இல்மனைட்டும் கார்னெட்டும் கீழே தங்க, லேசான குவார்ட்ஸ் அடித்துச் செல்லப்படுகிறது. அதே விதி இன்னும் தாராளமாக வேலை செய்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார்.

ஆற்றோடு உருண்ட வெள்ளைக் கூழாங்கல்லை நம் பாட்டிமார் வெங்கச்சங்கல் என்பார்கள். இருட்டில் இரண்டை உரசினால் பொறி தெரியும். குவார்ட்ஸ்தான். கோயில் வாசலில் விற்கும் ஸ்படிக மாலையும் அசலாக இருந்தால் அதே பொருள்தான். ஒன்று நிதானமாக வளர்ந்து தெளிந்தது, மற்றது நெருக்கடியில் வளர்ந்து வெளுத்தது.

மண்ணிலேயே விளைந்த கல் என்ற மூன்றாவது வகைதான் உண்மையில் உங்கள் கொல்லைக்குச் சொந்தமானது. பார்க்க அழகில்லாததால் யாரும் மதிப்பதில்லை. களிமண்ணில் வெள்ளையும் சாம்பலுமாக, முண்டும் முடிச்சுமாக வரும் சுக்கான் கல் அதில் முதலாவது. மழைநீர் மண்ணிலிருந்து கரைத்த சுண்ணாம்பு, கோடையில் நீர் மேலேறி ஆவியாகும்போது மண்ணுக்குள்ளேயே படிந்து உருண்டு திரள்கிறது. உடைத்தால் நடுவில் சில நேரம் ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசலின் சுவரில் ஊசிமுனை அளவு கால்சைட் படிகங்கள் வரிசையாக நிற்கும். இந்தப் பகுதியில் பிறந்த அசல் படிகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த விரிசலைத்தான் தேட வேண்டும். அடுத்து செம்புறாங்கல்லோடு வரும் பட்டாணி அளவு இரும்பு உருண்டைகள். உடைத்தால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும். விதை என்றும் முட்டை என்றும் நினைத்து எடுத்து வைப்பவர்கள் உண்டு. மூன்றாவது ஜிப்சம். களிப்பாறையில் உள்ள பைரைட் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிச் சுண்ணாம்போடு சேரும் இடங்களில் ஜிப்சம் தகடு தகடாக, கண்ணாடி போலத் தெளிவாக வளரும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் வறண்ட ஓடைகளில் நடந்தால் காலடியில் ஜிப்சம் வெயிலில் பளபளக்கும். நம் பக்கம் அப்படி ஏராளமாக எதிர்பார்க்க முடியாது. கொல்லையில் வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவு உதிரும் பொருள் கிடைத்தால் அது பால்ஸ் சீலிங் உடைத்த ரப்பிஷ் என்பதே நியாயமான ஊகம்; அதுவும் வேதியியலில் ஜிப்சம்தான்.

செங்கல் சுவரின் அடியில் மார்கழி, தை மாதங்களில் பஞ்சு போலப் பூக்கும் உப்பையும் இதில் சேர்க்க வேண்டும். லூப்பில் பார்த்தால் மெல்லிய ஊசிப் படிகங்கள். சுவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் அதை ரசிக்கலாம்.

இப்போது போலிகள். சென்னை வீடுகளின் வாசலில் திருஷ்டிக்காகக் கருப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் படிகாரக்கல், கயிறு அறுந்தோ வீடு மாறும்போதோ மண்ணுக்குப் போகிறது. அடுத்த குடித்தனக்காரருக்கு அது பனிக்கட்டி போன்ற ஓர் அதிசயக் கல். ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கொளத்தூர்ப் பக்கம் வாங்கிவந்த மீன்தொட்டிக்குப் போட்ட நீலக் கூழாங்கல், மீன் செத்ததும் தோட்டத்துக்கு வருகிறது. உடைத்தால் சாயம் தோலோடு நிற்கும், உள்ளே வெள்ளை. பாட்டில் கண்ணாடியும் பவுண்டரிக் கழிவும் இன்னும் சாமர்த்தியமானவை. கடல்நீலத்திலும் பச்சையிலும் வழவழவென்று முறியும். லூப்பில் உள்ளே வட்டவட்டமான காற்றுக் குமிழ்களோ, கலக்கிவிட்ட பாகு போன்ற கோடுகளோ தெரிந்தால் அது உலையில் உருகிய பொருள். கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனை: குவார்ட்ஸ் சில்லென்று இருக்கும், கண்ணாடி அவ்வளவு சில்லிடாது. வானவில் நிறத்தில் ஊசி ஊசியாக மின்னும் கருங்கல் ஒன்றைக் ‘கிரிஸ்டல்’ என்று கடைகளில் விற்கிறார்கள். சாணைக்கல் செய்யப் பயன்படும் சிலிக்கான் கார்பைடு அது. மின் உலையில் பிறந்தது. தோட்டிலிருந்து உதிர்ந்த சிவப்புக் கல்லும் பெரும்பாலும் ஆலையில் பிறந்ததுதான். தூளை உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையைப் பிரான்சின் வெர்னாய் 1902-இல் வெளியிட்டார். அப்படிச் செய்யப்படும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது திருச்சிப் பக்கம் வெகுகாலமாகக் குடிசைத் தொழில்.

இனிச் சோதனைகள். ஃப்ரெடெரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோல்தான் இன்றும் கொல்லைப்புற ஆராய்ச்சியின் முதுகெலும்பு. டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. விரல் நகம் இரண்டரை. செம்புக் கம்பி மூன்றை ஒட்டி. பேனாக்கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஐந்தரை அளவில். மேல்நாட்டு நூல்கள் ‘நாணயத்தால் கீறிப் பார்’ என்று சொல்வது செப்புக் காசை நினைத்து. நம் ஒரு ரூபாய் இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதை நம்பி மூன்று என்று எழுதினால் கணக்கு கெட்டுவிடும். இன்னொரு தவறு பொதுவானது. கத்தியால் குவார்ட்ஸைக் கீறினால் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு விழும். கீறல் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். ஈர விரலால் துடைத்தால் கோடு போய்விடும், கத்திதான் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியைக் கீறும் தெளிந்த கல்லைக் கண்டதும் வைரம் என்று துள்ளுவதும் இதே ரகம். கண்ணாடியைக் குவார்ட்ஸ் கீறும், பெல்ஸ்பாரும் கீறும்.

நிறத்தை நம்பக் கூடாது, பொடியின் நிறத்தை நம்பலாம். பாத்ரூம் டைல்ஸின் பின்பக்கம், பளபளப்புப் பூசாத சொரசொரப்பான பக்கம், இதற்குப் போதும். பித்தளை நிறத்துப் பைரைட்டை அதில் இழுத்தால் பச்சை கலந்த கருப்புக் கோடு விழும். கருப்பாகத் தெரியும் ஹேமடைட் செங்காவிக் கோடு போடும். மேக்னடைட் கருப்பாகவே எழுதும். குவார்ட்ஸ் எதையும் எழுதாது, டைல்ஸைத்தான் சுரண்டும்.

சுண்ணாம்புக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அமிலம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும், கல்லைக் கொஞ்சம் பொடித்துக்கொண்டால் நுரை நன்றாகத் தெரியும். கழிவறை கழுவும் ஆசிட்டின் ஒரு சொட்டு வேகமாகக் காட்டும். ஆனால் கையுறையும் திறந்த வெளியும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். சுக்கான் கல், கால்சைட், மார்பிள், பழைய சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் சீறும். டோலமைட்டும் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட்டும் பொடித்தால்தான் மெதுவாகச் சீறும். தெளிவான கால்சைட் துண்டு கிடைத்தால் தினசரி ஒன்றின் மேல் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும். உடைந்தால் எப்போதும் சாய்ந்த பெட்டி வடிவத்திலேயே உடையும், செங்கோணம் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்த் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி நீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், நீருக்குள் முழுக அந்தரத்தில் பிடியுங்கள். தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒப்படர்த்தி. 53 கிராம் கல் நீரில் 20 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸின் எண். ஜிப்சம் 2.3, சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில், கால்சைட் 2.71, கார்னெட் மூன்றரைக்கு மேல், குருந்தம் 4, பைரைட் 5, மேக்னடைட் 5.2. சிறு கல்லுக்குச் சமையலறைத் தராசு காணாது, நூறில் ஒரு கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். இந்த எண்ணில் நிறத்தின் மாயமும் மெருகின் மாயமும் செல்லாது. ஆனால் ஒரே கனிமமாக இருந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. ஜல்லியை எடை போட்டால் கிடைப்பது ஒரு கூட்டுக் குடும்பத்தின் சராசரி.

நம்மிடம் கல் பரிசோதனை இல்லாமலா இருந்தது என்று கேட்கலாம். இருந்தது, வேறு நோக்கத்தோடு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது வைரத்தின் குற்றங்களைப் பெயரிட்டே சொல்கிறது. நொய்யல் கரையின் கொடுமணலில் அகழ்ந்தபோது குவார்ட்ஸ், பெரில், நீலக்கல், சூதுபவளம் கொண்டு மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்தன. அதே கொங்கு நாட்டுப் படியூர் பெரிலுக்குப் பெயர்போனது. துளையிடத் தெரிந்த கைக்குக் கடினத்தன்மை தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வணிகரின் மரபு கல்லின் தரத்தைத் தேடியது. வகையை நிறத்தை வைத்தே பிரித்தது. சிவப்பெல்லாம் மாணிக்கக் குடும்பம். இதில் நாம் மட்டும் தனியாக நிற்கவில்லை. பிரிட்டிஷ் முடியில் கருப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர் வாங்கிய கல் ஸ்பைனல். மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் படிக வடிவம் கொண்டு பிரித்துக் காட்டியது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

நிறத்தை வைத்து முடிவுசெய்யும் அந்தப் பழைய பழக்கம் இப்போது செல்போனில் திரும்பி வந்திருக்கிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளுக்குத் தெரிவது நிறமும் பளபளப்பும் வடிவமும் மட்டுமே. வெள்ளைக் குவார்ட்ஸ், கால்சைட், பெல்ஸ்பார், மார்பிள், பால் கண்ணாடி ஆகிய ஐந்தையும் ஒரே வெளிச்சத்தில் வைத்தால் அனுபவசாலியின் கண்ணே தடுமாறும். நகம், கத்தி, எலுமிச்சை, தண்ணீர் நான்கும் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடும். செயலியைப் பெயர்ப்பட்டியலாகப் பயன்படுத்தலாம், தீர்ப்பாக அல்ல. அந்தப் படம் எடுத்த கொல்லை வஜ்ரகரூரிலா காட்டுப்பாக்கத்திலா என்ற கேள்வியும் அதற்கு எழுவதில்லை.

இத்தனைக்கும் அகப்படாத கல் ஒன்றிரண்டு மிஞ்சும். அங்கிருந்து ஆய்வகத்தின் எல்லை. 1912-இல் லாவே குழுவினர் படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் புள்ளிக்கோலம் எடுத்தார்கள். மறு ஆண்டில் பிராக் தந்தையும் மகனும் அதை அணுக்களின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவியாக்கினார்கள். இன்று ஒரு சிட்டிகைப் பொடி போதும், எக்ஸ் கதிர்ச் சிதறலில் கனிமத்தின் பெயர் வந்துவிடும். இந்தத் துறையில் சென்னை பின்தங்கிய ஊர் அல்ல. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கட்டியெழுப்பிய படிகவியல் துறை கிண்டியில்தான் இருக்கிறது, புரதங்களின் வடிவத்தைச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. இன்னொரு கருவிக்கு நம்மவர் பெயரே இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல்தான் இன்று கல்லைச் சுரண்டாமல், பொடிக்காமல், லேசர் ஒளியால் இனம் காணும் ராமன் நிறமாலைமானி. ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் அது வழக்கமான கருவி. ராமனுக்குக் கல் மேல் தீராத மோகம். நிலவுக்கல்லும் லேப்ரடோரைட்டும் ஏன் நீலம் மிளிர்கின்றன என்று 1950-இல் ஆராய்ந்து எழுதினார்.

படிகம் தேடுகிறவர் கவனிக்க வேண்டிய ஒரு கல் படிகமே அல்ல. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கிராவல் குழியில் எடுத்த குவார்ட்சைட் துண்டு, இந்தியாவின் பழைய கற்கால மனிதனை முதன்முதலில் நிரூபித்த கைக்கோடரி. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கமும் தெரியவந்தது. அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை வரை போகின்றன என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். அந்த மாவட்டத்துக் கிராவல் லாரி உங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புக் கூழாங்கல், இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்க்கப்பட்டு ஒரு விளிம்பு கூர்மையாக இருந்தால், அதை உடைத்துப் பார்க்காதீர்கள், அமிலம் விடாதீர்கள். மாநிலத் தொல்லியல் துறைக்குப் படத்தோடு தெரிவிப்பதுதான் முறை. பூண்டியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மலபார் நில உரிமை தொடர்பான ஒரு வழக்கில், அடிநிலக் கனிமம் சாதாரணமாக நில உரிமையாளருக்கே உரியது, சட்டப்படி அது பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெட்டி விற்பதற்கு அனுமதி வேண்டும் என்பது இதனால் மாறவில்லை. கொல்லையில் பொறுக்கிய கல்லை அலமாரியில் வைப்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

அலமாரியில் வைக்கும்போது ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 புவியியல் மாதிரிகளோடுதான். அங்கே புவியியல் கூடத்தில் பெயர் எழுதிய கற்களின் பக்கத்தில் நின்று உங்கள் கல்லை ஒப்பிடலாம். ஆனால் துண்டுச்சீட்டு இல்லாத கல்லை வைத்துக்கொண்டு அங்குள்ளவராலும் அதிகம் சொல்ல முடியாது. எந்த மனை, எத்தனை அடி ஆழம், களிமண்ணிலா மணலிலா கிராவலிலா, கூடவே செங்கல், டைல்ஸ் ஏதும் கிடந்ததா, நிலத்தை எப்போது யார் நிரப்பினார்கள் என்பதைப் பெயர் தெரிவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். தெருவில் யாராவது போர் போட்டால் இன்னும் நல்லது. குழாய் இறங்க இறங்க, காற்று மேலே துப்பும் சேற்றிலும் சில்லிலும் பத்தடிக்கு ஒரு பிடி எடுத்துக் கழுவி, பழைய மருந்து டப்பாக்களில் ஆழத்தை எழுதி வரிசையாக வையுங்கள். லாரியும் ஆறும் கொண்டுவந்தது எங்கே முடிகிறது, பல்லாவரத்துப் பாறை எந்த அடியில் தொடங்குகிறது என்று அந்த டப்பாக்களே சொல்லும். ரிக் ஓட்டுகிறவர் சிரிப்பார். அவரிடமே கேளுங்கள், பக்கத்துத் தெருவில் எத்தனையாவது அடியில் பாறை தட்டியது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.